சோபியாவின் ஆள்காட்டி விரல்

பஸ் ஜன்னலில் படிந்த தூசியில் சோபியாவின் ஆள்காட்டி விரல் ஏறி இறங்குகிறது. ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு, ஒரு பள்ளம். டிரைவர் வேகத்தைக் கூட்டுகிறார், மேடுகள் நெருங்குகின்றன. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பி எஞ்சின் அணைந்ததும் விரல் நேராக ஒரு கோடு இழுத்து நிற்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டுவார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பது அவர் காதில் ஏறாது. எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும்.

சோபியாவுக்கு முப்பத்தெட்டு வயது. காஞ்சிபுரம் சாலையில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் இன்ஸ்ட்ரக்டர். அதே இடத்தில் நான் நூலகர். வகுப்பில் நடத்திய பாடம் மெஷினிலும் வருகிறதா என்று காட்டுவது அவர் வேலை. மின்சாரம் ஆடுகிற ஆட்டத்தைப் பச்சைக் கோடாகக் காட்டும் ஏழு பெட்டிகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றில் இரண்டு தட்டினால்தான் வேலை செய்யும். எங்கே தட்ட வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

உலகத்தில் உள்ள எல்லாமே சிக்னல் என்பது அவர் கட்சி. காலம் போகப்போக எது மாறினாலும் அது சிக்னல்தான். சத்தம், சூடு, ஏரித் தண்ணீரின் மட்டம், மாமியாரின் குரல் எதுவும் விலக்கில்லை. ஏரிக்கு மழைத்தண்ணீர் வருவதைச் சொல்லும்போது விரல் சரிவாக மேலே ஏறும். கரண்ட் வந்ததைச் சொன்னால் தரையோடு போய், திடீரென்று செங்குத்தாக எழுந்து, மறுபடி நேராகப் போகும். "பாருங்க, படிக்கட்டு மாதிரி. வந்தா முழுசா வரும், பூட்டா முழுசா பூடும்." பட்டாசுக்கு ஒரே ஒரு குத்துக்கோடு. சந்தை இரைச்சலுக்கு விரல் கன்னாபின்னாவென்று கிறுக்கும். இவ்வளவையும் அவர் சாப்பாட்டு மேசையில் சிந்திய ரசத்தில் வரைந்து காட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குப் பழகிவிட்டது.

மனிதர்களையும் அவர் இப்படித்தான் வகை பிரிப்பார். எங்கள் ஏழு நாற்பது பஸ்ஸைப் பற்றி அவர் சொன்னது: "டைம் டேபிள்ல அது பீரியாடிக்கா, மாறாம திரும்பத் திரும்ப வரும். ரோட்டுல அது ரேண்டம். எப்ப வரும்னு அந்த டிரைவருக்கே தெரியாது." தன் கோபத்தைப் பற்றிச் சொன்னது இன்னும் நன்றாக இருக்கும். "என் கோவம் பட்டாசு சிக்னல் அக்கா. ஒரு வாட்டி வெடிச்சா அத்தோட தீந்துபூடும், மொத்த எனர்ஜி இவ்ளோதான்னு கணக்கு போட்டுடலாம். எங்க வூட்டுக்காரரு கவலை அப்படி இல்ல. ட்ரான்ஸ்பார்மர் உறுமற மாதிரி, கொறையாது, கூடாது, ஓயவே ஓயாது. அதுக்கு எனர்ஜிய கூட்டினா முடிவே வராது."

வீட்டுக்காரர் பெயர் ஆல்பர்ட். பஸ் நிலையத்துக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பியைச் சுற்றி உயிர் கொடுப்பது தொழில். பேச்சு குறைவு, கவலை அதிகம். கட்டி முடித்த மோட்டாருக்குத் தன் செலவில் பச்சை பெயிண்ட் அடித்துத்தான் அனுப்புவார். யாரும் கேட்பதில்லை, அவருக்கு அது ஒரு திருப்தி. "கெணத்துக்குள்ள இறங்கப்போற மோட்டாருக்குக் கல்யாணப் பொண்ணு கணக்கா அலங்காரம்" என்று சோபியா கேலி செய்வார். ஆல்பர்ட் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சிரிப்பார்.

லேபில் சோபியா சொல்லும் ஓர் உதாரணத்தைப் பிள்ளைகள் எத்தனை வருஷமானாலும் மறப்பதில்லை. விட்டுவிடாமல் தொடர்ந்து ஓடும் சிக்னல் ஒன்று, இடைவெளி விட்டு எடுத்த புள்ளிகளாக வரும் சிக்னல் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அவர் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைத் தூக்கிக் காட்டுவார். "காலையில ஒரு வாட்டி பேர் கூப்பிடறேன், இருக்கான். மத்தியானம் கூப்பிடறேன், அப்பவும் இருக்கான். நாள் பூரா இருந்தான்னு ரெஜிஸ்டர் சொல்லுது. நடுவுல ஏரிக்கரையில கிரிக்கெட் ஆடிக்கினு இருந்தது ரெஜிஸ்டருக்குத் தெரியுமா? புள்ளிய நம்பலாம்டா. ரெண்டு புள்ளிக்கு நடுவுல நீயே கோடு போட்டுக்காத." ஏரிக்கரையில் ஆடியவன் யாரென்று வகுப்புக்கே தெரிந்திருக்கும். சிரிப்பு அடங்க நேரமாகும்.

இந்த அட்டெண்டன்ஸ் கதை ஒரு நெல் வயலைக் காப்பாற்றும் என்று நான் நினைத்ததில்லை.

போன பங்குனியில், ஒரு சனிக்கிழமை காலை, பழுது பார்க்கக் கொடுத்திருந்த என் மிக்ஸியை வாங்க ஆல்பர்ட் கடைக்குப் போனேன். ஆல்பர்ட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் மாவுக்கட்டு, கால் ஸ்டூலின் மேல். ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு மோட்டார் நழுவிப் பாதத்தில் விழுந்திருக்கிறது. அவர் முகம் வெளுத்திருந்ததற்குக் காரணம் அது இல்லை. கையில் செல்போனை வைத்துக்கொண்டு ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சோபியா பக்கத்தில் நின்றிருந்தார். அவர் விரல் ஆடவில்லை. நான் அதைத்தான் முதலில் கவனித்தேன்.

விஷயம் இதுதான். ஏரிக்குக் கிழக்கே ஏகாம்பரம் என்கிற விவசாயிக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் நவரைப் பருவ நெல். கதிர் பால் பிடிக்கிற நேரம். அவர் கிணற்று மோட்டாருக்கு ஆல்பர்ட்தான் காயில் கட்டி, பச்சை அடித்து, கொடுத்தனுப்பினார். மறுநாளே கால் முறிந்துவிட்டதால் கிணற்றுக்குப் போய் மாட்டிக் கொடுக்க முடியவில்லை. ஏகாம்பரமே மாட்டிக்கொண்டார். ஒரு வாரமாக மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் முன்பு வந்ததில் கால் பங்குகூட இல்லை. மேட்டு வயல் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. "காயில் சரியில்ல. மதியம் மோட்டார கழட்டி காஞ்சிபுரத்துக்கு எடுத்துக்கினு போறேன்" என்று ஏகாம்பரம் போனில் சொல்லிவிட்டார். கழற்றி, பிரித்து, மறுபடி கட்டி மாட்ட நான்கு நாளாகும். பால் பிடிக்கிற கதிருக்கு நான்கு நாள் தண்ணீர் இல்லையென்றால் அறுப்பில் பதர்தான் மிஞ்சும்.

"டைரக்சன் கரெக்டா கீதா பாருங்கன்னு கேட்டேன். வீடியோ அனுப்பியிருக்காரு. பாரு சோபி, கரெக்டாத்தான் சுத்துது" என்றார் ஆல்பர்ட். "மோட்டாரும் ஓடுது, டைரக்சனும் சரி, தண்ணி வரல. அப்போ இன்னா? நான்தான் தப்பா கட்டிட்டேன். ஒரு குடும்பத்து வெள்ளாமைய நான் கெடுத்துட்டேன்."

"கம்பிச் சுத்து எண்ணித்தானே கட்டின?"

"ரெண்டு வாட்டி எண்ணினேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு உன்னையே நீ பேஜார் பண்ணிக்கினு கீற?" சோபியா வண்டிச் சாவியை எடுத்தார். என்னைப் பார்த்தார். "அக்கா, சும்மாதானே கீறீங்க? வாங்க, ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்."

எனக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு மிக்ஸியோடு சரி. ஆனாலும் ஆல்பர்ட்டின் முகத்தைப் பார்த்தபின் மறுக்க மனம் வரவில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். கிணற்று மேடு கண்ணில் பட்டபோது சோபியா வண்டியை மெதுவாக்கினார். "இந்த வயல்லதான் எங்க அம்மா நாத்து நடும். நான் வரப்புல உக்காந்துக்கினு இருப்பேன். அப்போ இங்க ஆயில் எஞ்சின். டக்கு டக்குனு ஒரே மாதிரி. நான் கேட்ட மொத பீரியாடிக் சிக்னல் அதான்."

ஏகாம்பரம் தலையில் துண்டு கட்டி, ஸ்பானருடன் தயாராக நின்றார். கோபம்தான், அதற்குக் கீழே பயம் தெரிந்தது. "உங்க வூட்டுக்காரன் வரல, உன்ன அனுப்பிச்சிட்டானா? நீ இன்னாம்மா பண்ணப்போற?"

"கழட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி போடுங்க ஐயா. கேட்டுட்டு பூடறேன்."

அது பெரிய கிணறு. மோட்டார் பதினைந்தடி கீழே ஒரு திட்டில் இருந்தது. அதை ஓட்டுகிற ஸ்டார்ட்டர் பெட்டி மேலே கொட்டகையில். ஏகாம்பரம் பச்சைப் பொத்தானை அமுக்கினார். கீழே இருந்து உறுமல் கிளம்பியது. தொட்டிக்குப் போகும் குழாயில் தண்ணீர் ஒரு சொம்பைச் சரித்தாற்போல வந்தது. சோபியா கிணற்றுச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு ஆள்காட்டி விரல் சிமெண்டின் மேல் நகர்ந்தது. மேடு, பள்ளம், மேடு, பள்ளம். எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம். எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. பிறகு விரல் வேறு இடத்துக்குப் போய்ச் சந்தை இரைச்சலுக்குக் கிறுக்குவது போலக் கிறுக்கியது.

"ரெண்டு சத்தம் கீது" என்றார், கண்ணைத் திறக்காமல். "மோட்டார் சத்தம் தனி. அது சுத்தமா கீது. காயில் போயிருந்தா இந்த அலை நொண்டும், இது நொண்டல. பம்புக்குள்ள தண்ணி சத்தம் தனி. அதுதான் ஒழுங்கா இல்ல, பொரண்டுக்கினு கீது. ஐயா, டைரக்சன் யாரு பாத்தது?"

"எம் பையன். கார்த்திக்கு. ஒரகடத்துல கம்பெனில கீறான்ல. மொத நாளு போட்டவுடனே வீடியோ எடுத்து அனுப்பினேன். அப்பா, ரிவர்ஸ்ல சுத்துது, ரெண்டு ஒயர எடம் மாத்திக் குடு, திரும்பிச் சுத்தும்னான். குடுத்தேன். அப்புறம் ரெண்டாவது வீடியோ அனுப்பினேன், இப்போ சரின்னான். அதத்தான் உங்க வூட்டுக்காரனுக்கும் அனுப்பினேன்."

"மொத நாளு தண்ணி எப்படி வந்துச்சு?"

"எங்க பாத்தேன்? தண்ணி வர்றதுக்குள்ள நிறுத்தி மாத்திட்டனே."

சோபியா செல்போனை வாங்கி இரண்டு வீடியோவையும் பார்த்தார். மோட்டாரின் பின்பக்க விசிறிக்கு மூடி இல்லாததால் அதன் இறக்கைகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. முதல் வீடியோவில் இடப்பக்கமாகச் சுற்றின, இரண்டாவதில் வலப்பக்கமாக. எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. சோபியா போனை ஏகாம்பரத்தின் பக்கம் திருப்பினார்.

"ஐயா, இது எவ்ளோ மெதுவா சுத்துது பாருங்க. றெக்கைய எண்ணிடலாம் போல கீது. உங்க மோட்டார் நெசமா இவ்ளோ மெதுவாவா சுத்துது?"

ஏகாம்பரம் போனைப் பார்த்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே இறக்கையே தெரியவில்லை, வெறும் பச்சைப் புகை மாதிரி ஒரு வட்டம்.

"மோட்டார் நிக்கறப்போ கிட்ட இருந்து பாத்திருக்கீங்களா?"

"எப்படிம்மா பாக்கறது? பொத்தான் மேல கீது, மோட்டார் கீழ கீது. அமுக்கிட்டு நான் எறங்கறதுக்குள்ள நின்னுடும். நான் ஒத்த ஆளு."

"இன்னிக்கு மூணு பேரு கீறோம்" என்றார் சோபியா. என்னை ஸ்டார்ட்டர் பெட்டியின் முன்னால் நிறுத்தினார். "நான் கத்தினதும் செவப்ப அமுக்குங்கக்கா. பச்சைய தொடாதீங்க." புடவையைச் சொருகிக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினார்.

நாற்பத்தாறு வயதில் என்னை நம்பி யாரும் ஒரு பொத்தானை ஒப்படைத்ததில்லை. விரலைச் சிவப்பின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றேன். "இப்போ!" என்ற குரல் கீழிருந்து வந்தது. அமுக்கினேன். உறுமல் இறங்கி, இறங்கி, நின்றது. கிணற்றுக்குள் இருந்து சத்தமே இல்லை. நான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு இரும்பை எதுவோ சுரண்டுகிற ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தால், சோபியா வண்டிச் சாவியால் மோட்டாரின் பச்சைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பச்சைக்குக் கீழே சிவப்பு தெரிந்தது. சுரண்டச் சுரண்ட அது ஓர் அம்புக்குறியாக நீண்டது. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று மோட்டார் செய்தவர்கள் போட்டு வைத்த குறி. ஆல்பர்ட் அதன் மேலேயே அழகாகப் பச்சை அடித்திருக்கிறார்.

"ஐயா, எறங்கி வாங்க. நான் சொன்னா நம்பாதீங்க, நீங்களே பாருங்க."

ஏகாம்பரம் இறங்கினார். நான் இந்த முறை பச்சையை அமுக்கி ஓடவிட்டு, குரல் வந்ததும் சிவப்பை அமுக்கினேன். மோட்டார் வேகம் குறைந்து, புகை வட்டம் இறக்கைகளாகப் பிரிந்து, கடைசி நாலைந்து சுற்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். "அடப்பாவி!" என்றார் ஏகாம்பரம். "அம்புக்கு எதிர்ப்பக்கம்தாம்மா சுத்துது!"

இருவரும் மேலே வந்தார்கள். ஏகாம்பரத்துக்குச் சந்தேகம் இன்னும் போகவில்லை. "அப்போ செல்லு பொய் சொல்லுதா?"

"பொய் சொல்லல. செல்லு நம்ம மாதிரி விடாம பாக்காது ஐயா. ஒரு செகண்டுக்கு முப்பது போட்டோ எடுக்கும். நடுவுல கண்ண மூடிக்கும். கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள றெக்கை ஓடி வந்து, அடுத்த றெக்கை நின்ன எடத்துக்குக் கொஞ்சம் எட்டாம நிக்குது. எல்லா றெக்கையும் ஒரே மாதிரி இருக்கறதால செல்லுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய றெக்கையே கொஞ்சம் பின்னாடி போச்சுன்னு காட்டும். முன்னாடி ஓடறது பின்னாடி ஓடற மாதிரி தெரியும், பின்னாடி ஓடறது முன்னாடி." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க பையன் கண்ணுல தப்பு இல்ல. மொத நாளு சரியா ஓடின மோட்டார ரிவர்ஸ்னு நெனச்சி, நாமதான் ரிவர்ஸ் ஆக்கிட்டோம்."

நீங்கள் என்று சொல்லாமல் நாம் என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். பெயிண்ட் அடித்தவரின் மனைவி அல்லவா.

மின்சாரத்தை நிறுத்தி ஒயரை மாற்றுவதற்கு முன் சோபியா கரண்ட் வரும் வழியில் இருந்த மூன்று பீஸ் (ஃபியூஸ்) கட்டைகளையும் உருவித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். "பீஸ் கட்டை என்கிட்ட இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். ஏகாம்பரம் இரண்டு ஒயரை இடம் மாற்றி முறுக்கினார். கட்டைகள் திரும்ப ஏறின. பச்சைப் பொத்தானை இந்தத் தடவை அவரே அமுக்கினார்.

முதலில் உறுமல் மட்டும். பிறகு குழாய் ஒருமுறை இருமியது. காற்றைத் துப்பியது. அடுத்த கணம் தண்ணீர் குழாய் வாய் நிறைய, தொட்டியின் எதிர்ச்சுவரில் போய் மோதியது. தெறித்ததில் நான் நனைந்தேன். நனைந்தது பற்றி எனக்குக் கவலையே இல்லை. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். ஏகாம்பரம் தொட்டியருகே போய், தண்ணீருக்குள் முழங்கைவரை கையை விட்டு அப்படியே நின்றார். வாய்க்காலில் தண்ணீர் புரண்டு, வெடித்த மேட்டு வயலின் பக்கம் திரும்பி, முதல் வெடிப்புக்குள் இறங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்பானரை எங்கே போட்டார் என்று தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துண்டால் துடைத்தபடி வந்தார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவரிடம் இல்லை. "ஆல்பர்ட்டுக்குக் கால் இப்போ எப்படிம்மா கீது?" என்று கேட்டார். காலையிலிருந்து போனில் மூன்று முறை திட்டியவர், அந்தக் காலைப் பற்றி அதுவரை கேட்டதில்லை.

"இனிமே சீக்கிரம் ஆறிடுங்க ஐயா" என்றார் சோபியா.

ஆல்பர்ட்டைப் போனில் கூப்பிட்டார். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார் மனிதர், கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பார். "இன்னா ஆச்சு? காயில்தானே? சொல்லு சோபி, நான்தானே?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. சோபியா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஆல்பர்ட்டே முந்திக்கொண்டார். "சரி, வீடியோ போடு, நான் பாக்கறேன்" என்றது போன்.

"வீடியோ வேணா" என்று மட்டும் சோபியா சொன்னார். தொட்டியின் விளிம்பில் ஏறி, கையை நீட்டி, போனைத் தண்ணீர் கொட்டுகிற குழாயின் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தார். தோள்வரை நனைந்தது. கையை எடுக்கவில்லை. மற்றொரு கையின் ஆள்காட்டி விரல் காற்றில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.